பெருந்தரவுப் பணிப்பாய்வுகளில் பயனர் அடையாளமும் அனுமதிச் சிக்கல்களும்: ஊஸி திட்டமிடுகருவியின் ஷெல் செயற்பாட்டை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

பெருந்தரவுக் கணினிக்கொத்துகளில் ஒரு பயனர் கைப்பட இயக்கும்போது பிழையின்றி ஓடும் ஸ்கிரிப்ட், பணிப்பாய்வுத் திட்டமிடுகருவியின் வழியே இயக்கப்படும்போது ‘அனுமதி மறுக்கப்பட்டது’ என்ற செய்தியோடு நின்றுவிடுவது பரவலாகக் காணப்படும் ஒன்றாகும். இதனைக் கோப்பு அனுமதியின் குறையாகக் கருதி, அனுமதிகளைத் தளர்த்திவிடுவதே பெரும்பாலும் நிகழ்கிறது. உண்மையில் இச்சிக்கல் அனுமதியைப் பற்றியது அன்று, அடையாளத்தைப் பற்றியது. அப்பாச்சி ஊஸியின் ஷெல் செயற்பாட்டை எடுத்துக்காட்டாகக் கொண்டு, ஒரு பணி கடந்து செல்லும் அடையாள அடுக்குகளையும், அவை வேறுபடும் இடங்களையும், தீர்வுகளின் தகுதியையும் குறைகளையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: பெருந்தரவு, ஹடூப், யார்ன், ஊஸி, பயனர் அடையாளம், பதிலாள் பயனர், கெர்பரோஸ், தணிக்கைப் பதிவேடு.

1. முன்னுரை

ஹடூப் என்னும் பெயர், அதனை உருவாக்கியவர்களுள் ஒருவரான டக் கட்டிங்கின் மகன் வைத்திருந்த பொம்மை யானையின் பெயராகும். ‘ஊஸி’ என்பது பர்மிய மொழியில் யானைப்பாகனைக் குறிக்கும் சொல். யாகூ நிறுவனத்தில் தோன்றிப் பின்னர் அப்பாச்சி அறக்கட்டளையின் திட்டமாக மாறிய ஊஸி, ஹடூப் கணினிக்கொத்தில் பணிகளை வரிசைப்படுத்தி, உரிய நேரத்தில் தொடங்கி, ஒன்றன் வெற்றி தோல்விக்கேற்ப அடுத்ததை முடிவு செய்யும் கருவியாகும். யானையை நடத்துபவன் பாகன் என்ற வகையில் பெயர் பொருத்தமானதே. ஆயினும், யானை ஒரு பொருளை எடுக்கும்போது எடுத்தவர் யார் எனக் கணக்கில் எழுதுவது என்ற வினா எஞ்சி நிற்கிறது. யானையின் உரிமையாளரா, பாகனா, பாகனுக்குக் கட்டளையிட்டவரா? பணிப்பாய்வுகளில் எழும் அனுமதிச் சிக்கல்கள் அனைத்தும் இவ்வினாவின் வெவ்வேறு வடிவங்களே.

ஒரே கணினியில் இயங்கும் கிரான் கருவியில் இவ்வினா பெரிதாக எழுவதில்லை. ஒருவர் தம் கிரான் பட்டியலில் எழுதிய கட்டளை அவர் பெயரிலேயே அதே கணினியில் இயங்குகிறது. பல நூறு கணினிகளைக் கொண்ட கொத்தில் நிலைமை வேறு. கட்டளையிட்டவர் ஓரிடத்தில் இருக்கிறார். திட்டமிடுகருவி மற்றோரிடத்தில் இருக்கிறது. பணி மூன்றாவதோர் இடத்தில் நிகழ்கிறது. தரவு நான்காவதோர் இடத்தில் உள்ளது. ஒவ்வோர் எல்லையைக் கடக்கும்போதும் ‘நீ யார்?’ என்ற கேள்வி புதிதாகக் கேட்கப்படுகிறது. விடை ஒவ்வோரிடத்திலும் ஒன்றாகவே இருக்கும் என்பதற்கு உறுதி இல்லை.

2. சிக்கலின் தோற்றம்

‘கயல்’ என்ற கணக்குப் பெயர் கொண்ட ஓர் ஆய்வாளரைக் கற்பனை செய்துகொள்ளலாம். அவர் எழுதிய ஷெல் ஸ்கிரிப்ட் ஒரு கோப்பினைச் சீர்செய்து, எச்டிஎஃப்எஸ் எனப்படும் ஹடூப் கோப்பு முறைமையில் தம் கோப்புறைக்குள் சேர்க்கிறது. நுழைவுக் கணினியில் கைப்பட இயக்கிப் பார்க்கிறார், சரியாக ஓடுகிறது. அதே ஸ்கிரிப்டை ஊஸியின் ஷெல் செயற்பாடாக அமைத்து நள்ளிரவில் இயங்குமாறு செய்கிறார். காலையில் பார்க்கும்போது பணி தோல்வியுற்றிருக்கிறது. பதிவேட்டில், ‘அனுமதி மறுக்கப்பட்டது, பயனர்: யார்ன், அணுகல்: எழுதுதல்’ என்ற பொருளில் ஒரு வரி காணப்படுகிறது.

இவ்வரியில் கவனிக்க வேண்டியது ‘மறுக்கப்பட்டது’ என்ற சொல்லன்று. ‘யார்ன்’ என்ற பயனர் பெயராகும். கயல் தம் பெயரில் பணியைச் சமர்ப்பித்தார். ஊஸியின் பணிப்பட்டியலிலும் அவர் பெயரே காட்டப்படுகிறது. ஆனால் கோப்பு முறைமையின் வாசலில் நின்றவர் கயல் அல்லர். ‘யார்ன்’ என்னும் சேவைக் கணக்கு. இடைப்பட்ட பாதையில் எங்கோ அடையாளம் மாறியிருக்கிறது.

3. அடையாள அடுக்குகள்

ஸ்கிரிப்ட் இயங்கும் பாதையை நான்கு அடுக்குகளாகப் பகுத்துக் காணலாம்.

முதலாவது, சமர்ப்பிப்பு அடுக்கு. கயல் தம் பணிப்பாய்வை ஊஸி வழங்கியிடம் ஒப்படைக்கிறார். வழங்கி ‘ஊஸி’ என்னும் சேவைக் கணக்கின் கீழ் இயங்குகிறது.

இரண்டாவது, பதிலாள் அடுக்கு. ஊஸி வழங்கி ஸ்கிரிப்டைத் தானே இயக்குவதில்லை. கயலின் பெயரால் யார்ன் என்னும் வள மேலாண்மை அமைப்பிடம் ஒரு தொடக்கப் பணியைக் கேட்டுப் பெறுகிறது. பிறர் பெயரால் பேசும் இவ்வுரிமை ‘பதிலாள் பயனர்’ உரிமை எனப்படும். எந்தக் கணினியிலிருந்து, எந்தக் குழுவினரின் பெயரால் ஊஸி பேசலாம் என்பதை ஹடூப்பின் மைய அமைவுக் கோப்பு வரையறுக்கிறது. இவ்வரையறை இல்லையெனில் பணி தொடங்கும் முன்பே, ‘ஊஸி, கயலாகச் செயற்பட அனுமதியில்லை’ என்ற பிழை எழும். இப்பிழை உடனே தென்படுவதால் இதனைக் கண்டறிவது எளிது.

மூன்றாவது, கொள்கலன் அடுக்கு. யார்ன் தன் விருப்பப்படி ஒரு கணுவைத் தேர்ந்து, அதில் ஒரு கொள்கலனைத் திறக்கிறது. ஊஸியின் ஐந்தாம் பதிப்புக்கு முன்பு இத்தொடக்கப் பணி, ஒரே ஒரு மேப்பர் கொண்ட மேப்ரெடியூஸ் பணியாக இருந்தது. 2018இல் வெளிவந்த ஐந்தாம் பதிப்பிலிருந்து அது யார்னின் நேரடிப் பயன்பாடாக அமைந்தது. எவ்வாறாயினும், கொள்கலன் என்பது லினக்ஸ் இயக்கமுறைமையின் ஒரு செயல்முறையே. அதற்கென ஒரு லினக்ஸ் பயனர் உண்டு. அப்பயனர் யார் என்பதை யார்னின் ‘கொள்கலன் இயக்கி’ முடிவு செய்கிறது.

நான்காவது, தரவு அடுக்கு. ஸ்கிரிப்ட் எச்டிஎஃப்எஸ், ஹைவ், எச்பேஸ் அல்லது வெளித் தரவுத்தளம் ஒன்றை அணுகும்போது, அவ்வமைப்பு ஒவ்வொன்றும் தன் முறைப்படி பயனரை அடையாளம் காண்கிறது.

கயலின் சிக்கல் மூன்றாம், நான்காம் அடுக்குகளின் சந்திப்பில் நிகழ்கிறது. யார்னின் இயல்புநிலைக் கொள்கலன் இயக்கி, எவர் சமர்ப்பித்த பணியாயினும் கணு மேலாளரின் சேவைக் கணக்கிலேயே கொள்கலனைத் திறக்கும். பெரும்பாலான நிறுவல்களில் அக்கணக்கின் பெயர் ‘யார்ன்’. எனவே ஸ்கிரிப்ட் லினக்ஸ் அளவில் யார்ன் பயனராகவே ஓடுகிறது.

4. ஜாவா செயற்பாடும் ஷெல் செயற்பாடும்

இங்கு ஓர் ஐயம் எழுவது இயல்பு. இயல்புநிலை இயக்கி எல்லாக் கொள்கலன்களையும் யார்ன் பெயரில் திறக்குமாயின், மேப்ரெடியூஸ் பணிகளும் ஊஸியின் ஜாவா செயற்பாடுகளும் கயலின் கோப்புறையில் எவ்வாறு எழுத முடிகிறது? அவையும் அதே கொள்கலன்களில்தானே ஓடுகின்றன?

விடை ஹடூப் நூலகத்தின் உள்ளமைப்பில் இருக்கிறது. ஹடூப் நிரல் ஜாவா இயந்திரத்துக்குள் தொடங்கும்போது, பணியைச் சமர்ப்பித்தவரின் பெயரைக் கொண்டு ஒரு தொலைப்பயனர் பொருளை உருவாக்கி, அதன் பெயரால் எஞ்சிய நிரலை இயக்குகிறது. லினக்ஸ் கணக்கு யார்ன் ஆயினும், எச்டிஎஃப்எஸிடம் பேசும்போது ‘நான் கயல்’ என்றே நிரல் கூறுகிறது. கெர்பரோஸ் இல்லாத எளிய பாதுகாப்பு நிலையில் எச்டிஎஃப்எஸ் அச்சொல்லை அப்படியே ஏற்றுக்கொள்கிறது.

ஷெல் செயற்பாடு இதனின் வேறுபட்டது. அது ஜாவா இயந்திரத்தை விட்டு வெளியேறி, ஒரு துணைச் செயல்முறையாக ஷெல்லைத் தொடங்குகிறது. அந்த ஷெல்லுக்குள் எச்டிஎஃப்எஸ் கட்டளை தரப்படும்போது புதியதொரு ஜாவா இயந்திரம் பிறக்கிறது. முந்தைய இயந்திரத்தின் நினைவகத்தில் இருந்த ‘கயல்’ என்ற அடையாளம் இதற்குத் தெரியாது. ஆகவே அது முதலில் ‘ஹடூப் யூசர் நேம்’ என்ற சூழல் மாறியைத் தேடுகிறது. அது இல்லாதவிடத்து லினக்ஸ் கணக்கின் பெயரை எடுத்துக்கொள்கிறது. லினக்ஸ் கணக்கோ யார்ன். இவ்வாறே அடையாளம் தொலைகிறது.

ஹைவ் செயற்பாடாக எழுதினால் ஓடும் பணி, அதே ஹைவ் கட்டளையை ஷெல் செயற்பாட்டுக்குள் வைத்தால் தோற்பதன் காரணமும் இதுவே.

5. தாமதமாக வெளிப்படும் பிழைகள்

மேற்கண்டது வெளிப்படையான தோல்வி. இதனினும் இடர் மிக்கவை, வெற்றியெனத் தோன்றிப் பின்னர் வெளிப்படும் பிழைகள்.

முதலாவது, உரிமை மாற்றம். கயல் தம் கோப்புறையின் அனுமதியை ‘777’ என மாற்றி எல்லோரும் எழுதலாம் என்று ஆக்கிவிட்டதாகக் கொள்வோம். பணி ஓடிவிடும். ஆனால் உருவாகும் கோப்புகளுக்கும் உட்கோப்புறைகளுக்கும் உரிமையாளர் யார்ன் ஆவார். இயல்புநிலை முகமூடியான ‘022’இன்படி உட்கோப்புறையில் எழுதும் உரிமை யார்னுக்கு மட்டுமே உண்டு. அடுத்த கட்டத்தில் கயலின் பெயரால் ஓடும் மேப்ரெடியூஸ் பணி அதனுள் எழுத முயன்றால் தோற்கும். கயலால் அவ்வுட்கோப்புறையை உள்ளடக்கத்தோடு நீக்கவும் இயலாது. உரிமையாளரை மாற்றவும் இயலாது. எச்டிஎஃப்எஸில் உரிமையாளரை மாற்றும் ஆற்றல் மேனிலைப் பயனருக்கே உரியது.

இரண்டாவது, உள்வட்டின் தற்காலிகக் கோப்புறை. ஸ்கிரிப்ட் தன் இடைநிலை முடிவைத் தற்காலிகக் கோப்புறையில் நிலையான ஒரு பெயரில் எழுதுவதாகக் கொள்வோம். கயல் ஏதோ ஒரு கணுவில் உள்நுழைந்து அதனைக் கைப்படச் சோதித்திருந்தால், அப்பெயரில் கயலுக்கு உரிய கோப்பு ஒன்று அங்கே எஞ்சியிருக்கும். பிற்பாடு பணி அதே கணுவில் இறங்கும் நாளில் மட்டும் யார்ன் பயனரால் அக்கோப்பின்மேல் எழுத முடியாமல் போகும். பிற கணுக்களில் இறங்கும் நாள்களில் பணி வெற்றி பெறும். சில நாள் ஓடியும் சில நாள் நின்றும் குழப்பும் பணிகளின் பின்னணியில் இத்தகைய எச்சங்கள் இருப்பதுண்டு.

மூன்றாவது, இல்லக் கோப்புறையைச் சார்ந்திருத்தல். கடவுச்சொல் கோப்பு, எஸ்எஸ்எச் திறவுகோல், பைத்தான் நூலகம் முதலியவை கயலின் இல்லக் கோப்புறையில் இருக்கும். கொள்கலன் வேறொரு கணினியில், வேறொரு பயனராக, வேறொரு பணிக் கோப்புறையில் திறக்கப்படுவதால் அவை எவையும் கிட்டா. இங்கு எழும் பிழை, அனுமதி மறுப்பாக அன்றி ‘கோப்பு இல்லை’ என்பதாகவும் அமையலாம். லினக்ஸில் முன்னதன் எண் 13. பின்னதன் எண் 2. ஸ்கிரிப்டையே பணியோடு அனுப்பாமல் விட்டாலும் 2 என்ற எண்ணே தோன்றும். பணிப்பாய்வின் கோப்புப் பட்டியலில் ஸ்கிரிப்டைச் சேர்த்துவிட்டால், யார்ன் அதனைக் கொள்கலனுக்குள் இறக்கி, இயக்கும் அனுமதியையும் தானே அளித்துவிடும். ஆகவே இவ்விரு எண்களையும் வேறுபடுத்திக் காண்பது ஆய்வின் முதற்படியாகும்.

6. கண்டறியும் முறை

பிழைச் செய்தியைக் கொண்டு ஊகிப்பதை விட, ஸ்கிரிப்டின் தொடக்கத்தில் நான்கு வினாக்களை வைப்பது பயன் தரும்: தற்போதைய பயனர் யார், அவர் எந்தெந்தக் குழுக்களைச் சேர்ந்தவர், இது எந்தக் கணினி, தற்போதைய கோப்புறை எது. லினக்ஸின் மூன்று சிறு கட்டளைகள் இவற்றுக்கு விடையளிக்கும். அவற்றின் வெளியீடு ஊஸியின் பதிவேட்டில் அன்றி, யார்ன் திரட்டிவைக்கும் கொள்கலன் பதிவேட்டில் கிடைக்கும்.

அடுத்ததாக, எச்டிஎஃப்எஸின் தணிக்கைப் பதிவேட்டைக் காண வேண்டும். ஒவ்வோர் அணுகலுக்கும் பயனர், கணினி முகவரி, கட்டளை, கோப்பு ஆகியவை அதில் பதிவாகின்றன. பதிலாள் வழியில் வந்த அணுகலாயின், ‘கயல், ஊஸி வழியாக’ என இருவர் பெயரும் இடம்பெறும். ஷெல்லின் உள்ளிருந்து வந்ததாயின் ‘யார்ன்’ என்பது மட்டுமே இருக்கும். இவ்விரு வரிகளையும் ஒப்பிட்டால் அடையாளம் எங்கே தொலைந்தது என்பது ஐயமின்றிப் புலப்படும்.

7. தீர்வுகளும் அவற்றின் எல்லைகளும்

7.1 சூழல் மாறி

பணிப்பாய்வு வரையறையில் ‘ஹடூப் யூசர் நேம்’ சூழல் மாறிக்குச் சமர்ப்பித்தவரின் பெயரை மதிப்பாகத் தருவது மிக எளிய தீர்வு. அப்பெயரைத் தானே நிரப்பும் சார்பு ஊஸியில் உள்ளது. இதனால் எச்டிஎஃப்எஸ் அணுகல் கயலின் பெயரால் நிகழும். எனினும் லினக்ஸ் பயனர் மாறுவதில்லை. எனவே உள்வட்டுச் சிக்கல்கள் அப்படியே இருக்கும். மேலும், கயலின் பெயரை எழுதக்கூடிய இடத்தில் மேனிலைப் பயனரின் பெயரையும் எழுதலாம். எளிய பாதுகாப்பு நிலையில் அதனைத் தடுப்பார் இல்லை. இத்தீர்வு வேலை செய்கிறது என்பதே அக்கணினிக்கொத்தில் அடையாளத்துக்குச் சான்று கேட்கப்படுவதில்லை என்பதற்குச் சான்றாகும். கெர்பரோஸ் நிறுவப்பட்ட கொத்தில் இம்மாறி பொருட்படுத்தப்படுவதில்லை.

7.2 லினக்ஸ் கொள்கலன் இயக்கி

அடிப்படைத் தீர்வு, கொள்கலனையே கயலின் லினக்ஸ் கணக்கில் திறப்பது. ரூட் உரிமையுடன் இயங்கும் சிறு நிரல் ஒன்றின் துணையால் லினக்ஸ் கொள்கலன் இயக்கி இதனைச் செய்கிறது. இதற்கு மூன்று முன்தேவைகள் உள்ளன. ஒன்று, கயல் என்ற கணக்கு எல்லாக் கணுக்களிலும் இருத்தல் வேண்டும். எல்டாப் போன்ற பொது அடைவு இதற்கு உதவும். இரண்டு, அவருடைய பயனர் எண் வரையறுக்கப்பட்ட கீழெல்லைக்குக் குறையாதிருத்தல் வேண்டும். இயல்புநிலைக் கீழெல்லை 1000. சேவைக் கணக்குகள் பணிகளை இயக்காமல் தடுப்பதே இதன் நோக்கம். மூன்று, கெர்பரோஸ் இல்லாத கொத்தாயின், எல்லாக் கொள்கலன்களையும் ஒரே பொதுக் கணக்கில் ஓட்டும் கட்டுப்பாட்டை விலக்குதல் வேண்டும். இக்கட்டுப்பாடு இயல்பாகவே நடைமுறையில் இருப்பதையும், அப்பொதுக் கணக்கின் பெயர் ‘நோபடி’ என்பதையும் அறியாதோர், இயக்கியை மாற்றிய பின்னும் அனுமதி மறுக்கப்படுவது கண்டு வியப்பர்.

இக்கட்டுப்பாடு காரணமின்றி வைக்கப்பட்டதன்று. அடையாளத்துக்குச் சான்று கேட்காத கொத்தில், சமர்ப்பிப்பவர் கூறும் பெயரில் லினக்ஸ் செயல்முறையைத் திறப்பது, பிறர் கணக்கைக் கைக்கொள்ள வழிவிடுவதாகும். எனவே மூன்றாம் முன்தேவையை நிறைவேற்றுமுன் கெர்பரோஸ் நிறுவுவதே முறையாகும்.

7.3 கெர்பரோஸும் டோக்கன்களும்

மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1980களில் உருவான கெர்பரோஸ், பயனர் தம் அடையாளத்தைச் சான்றுச்சீட்டின் வழியே மெய்ப்பிக்கச் செய்கிறது. கயலின் சான்றுச்சீட்டு அவர் உள்நுழைந்த கணினியிலேயே இருக்கும், கொள்கலனுக்குள் வருவதில்லை. அதற்கு மாற்றாக, ஊஸி கயலின் பெயரால் ஒப்படைப்பு டோக்கன்களைப் பெற்றுக் கொள்கலனுக்கு அனுப்புகிறது. டோக்கன் கோப்பு இருக்குமிடம் ஒரு சூழல் மாறியின் வழியே ஷெல்லுக்கும் தெரியவருவதால், எச்டிஎஃப்எஸ் கட்டளைகள் கயலின் பெயரிலேயே நிறைவேறும். எளிய நிலையில் தொலைந்த அடையாளம் இங்கே காக்கப்படுகிறது.

ஆயினும் டோக்கன் எல்லாக் கதவுகளையும் திறப்பதில்லை. ஹைவ், எச்பேஸ் முதலியவற்றுக்குத் தனித்தனி டோக்கன்கள் வேண்டும். அவற்றைப் பணிப்பாய்வின் சான்றுப் பகுதியில் கேட்டிருத்தல் வேண்டும். மேலும், ஒரு டோக்கனைக் காட்டி மற்றொரு டோக்கனைப் பெற இயலாது. ஷெல்லுக்குள்ளிருந்து புதியதொரு மேப்ரெடியூஸ் பணியைத் தொடங்கும் ஸ்கிரிப்ட் இவ்விதியால் தோற்கும். கைவசமுள்ள டோக்கன் கோப்பையே புதிய பணிக்குச் சுட்டிக்காட்டுவது அதற்குரிய வழியாகும். டோக்கனுக்குக் காலவரையறையும் உண்டு: இயல்புநிலையில் 24 மணி நேரத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், ஏழு நாளுக்குப் பின் புதுப்பித்தலும் செல்லாது.

இவற்றைத் தவிர்க்கக் கீடேப் கோப்பினைப் பணியோடு அனுப்பி, ஸ்கிரிப்டுக்குள்ளேயே சான்றுச்சீட்டைப் பெறும் வழக்கமும் உண்டு. கீடேப் என்பது கடவுச்சொல்லுக்கு நிகரானது. அதனைப் படிக்கக்கூடிய எவரும் கயலாக மாறிவிடலாம். உரிமையாளர் மட்டும் படிக்கத்தக்க ‘400’ அனுமதியின்றி அதனை வைத்தல் கூடாது; இயன்றவரை தனி மனிதரின் கீடேப்பைத் தவிர்த்து, அப்பணிக்கென உருவாக்கிய வரையறுத்த உரிமையுள்ள கணக்கின் கீடேப்பையே பயன்படுத்த வேண்டும்.

7.4 எஸ்எஸ்எச் செயற்பாடு

ஸ்கிரிப்டைக் குறித்த ஒரு கணினியில், குறித்த பயனராக இயக்க ஊஸியின் எஸ்எஸ்எச் செயற்பாட்டைச் சிலர் நாடுகின்றனர். இதில் இணைப்பை ஏற்படுத்துவது ஊஸி வழங்கியின் சேவைக் கணக்கு. அதன் பொதுத் திறவுகோலைக் கயல் தம் கணக்கில் ஏற்றுக்கொண்டால், பணிப்பாய்வு எழுதக்கூடிய பிறர் எவரும் அதே திறவுகோலின் வழியே கயலின் கணக்கில் நுழையக்கூடும். பணிப்பாய்வில் எழுதப்பட்ட பயனர் பெயரைப் புறக்கணித்து, சமர்ப்பித்தவரின் பெயரையே கொள்ளச் செய்யும் அமைவு ஊஸியில் உண்டு. ஆனால் இயல்புநிலையில் அது செயற்படுவதில்லை.

8. பிற கருவிகளில் இதே வினா

ஊஸியின் இடத்தை இன்று பல நிறுவல்களில் ஏர்ஃப்ளோ பெற்றுள்ளது. அங்கும் வினா மறையவில்லை. ஏர்ஃப்ளோவின் பணிகள் இயல்பாக, பணியாளர் செயல்முறையின் கணக்கிலேயே இயங்குகின்றன. குறித்த பணியை வேறொரு பயனராக இயக்கும் வசதி உண்டு. அது லினக்ஸின் சூடோ கட்டளையைச் சார்ந்தது. ஏர்ஃப்ளோ கணக்குக்கு எல்லாப் பயனர்களாகவும் மாறும் சூடோ உரிமையைக் கடவுச்சொல் இன்றி அளிப்பது எளிது. ஆனால் அவ்வாறு அளித்தபின், பணிப்பாய்வு எழுதும் ஒவ்வொருவரும் ரூட் பயனருக்கு நிகராகிவிடுகின்றனர். மாறக்கூடிய கணக்குகளைப் பெயர் சுட்டி வரையறுப்பதே தக்கது. கருவி மாறினாலும், பிறர் பெயரால் செயற்படும் உரிமையை யாருக்கு, எவ்வளவு அளிப்பது என்ற வினா மாறுவதில்லை.

9. முடிவுரை

மேற்கண்ட ஆய்வினால் பெறப்படுவன வருமாறு:

• திட்டமிடுகருவி வழியே ஓடும் ஸ்கிரிப்டின் அனுமதிப் பிழைகளுள் பெரும்பகுதி, சமர்ப்பித்தவர், கொள்கலனின் லினக்ஸ் பயனர், தரவமைப்பு காணும் பயனர் ஆகிய மூவரும் ஒருவரல்லர் என்பதால் எழுகின்றன.

• ஜாவா செயற்பாட்டில் நூலகத்தால் காக்கப்படும் அடையாளம், ஷெல் செயற்பாட்டில் துணைச் செயல்முறை பிறக்கும் இடத்தில் தொலைகிறது.

• சூழல் மாறி ஒரு தற்காலிக வழி; கெர்பரோஸுடன் இணைந்த லினக்ஸ் கொள்கலன் இயக்கியே நிலையான வழி.

• கோப்புறையை எல்லோருக்கும் திறந்துவிடுவது தீர்வாகாது.

இறுதியாகக் கூறியது குறித்துச் சிறிது விளக்கம் தேவை. ஆய்வு நிறுவனங்களில் ஒரே கணினிக்கொத்தைப் பல குழுக்கள் பகிர்ந்துகொள்கின்றன. அவற்றுள் நோயாளிகளின் பதிவுகள், கள ஆய்வில் மக்கள் நம்பி அளித்த விடைகள் போன்றவையும் இருக்கலாம். ‘777’ என்ற மூன்று இலக்கங்கள் அவ்வனைத்தையும் எல்லோருக்கும் திறந்துவிடுகின்றன. பின்னொரு நாள் ஒரு கோப்பு அழிந்தாலோ மாற்றப்பட்டாலோ, தணிக்கைப் பதிவேடு ‘யார்ன்’ என்ற ஒற்றைப் பெயரையே காட்டும். அப்பெயருக்குப் பின்னால் அக்கொத்தைப் பயன்படுத்தும் அனைவரும் இருக்கிறார்கள்; எனவே எவரும் இல்லை. தவறு செய்தவரை அறிய முடியாது என்பதோடு, தவறு செய்யாதவர் தம்மை மெய்ப்பிக்கவும் முடியாது. கயலின் பணி கயலின் பெயரிலேயே ஓட வேண்டும் என்று வலியுறுத்துவது, அவரைக் கண்காணிக்க மட்டுமன்று. அவரைக் காக்கவும் ஆகும்.